வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு என்று எழுதிவிட்டு அந்த முதல் வார்த்தையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று கை போனது. அடிக்கவில்லை. அன்பு இருக்கிறது, அதனால் அந்த வார்த்தை அங்கேயே இருக்கட்டும். ஆனால் அதோடு கோபமும் இருக்கிறது, பெற்ற பிள்ளையே ஏமாற்றிவிட்டானே என்கிற ஆற்றாமையும் இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதி மற்றதை மறைக்க எனக்குத் தெரியாது. நீ கேட்டதற்கு நான் சரி சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ என்னிடம் கேட்டது என்ன என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். பெரம்பலூரில் நாம் இருவரும் வேலை பார்க்கும் கெமிக்கல் குடோனிலிருந்து, மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்துநான்கு கேன்கள் அரியலூர் பக்கம் போயின. பாதி கேனில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மீதியில் ஹைப்போ என்று நாம் சொல்லும் ப்ளீச்சிங் திரவம். லோடோடு போன தாளில் "தரை சுத்தம் செய்யும் திரவம்" என்று இருந்தது. எழுதியது நீ. கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. வழியில் கேன் உடைந்து, லாரியை ஓட்டிப்போன என் தம்பி, உன் சவரி மாமா, நெஞ்சு வெந்துபோய் இன்றும் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். அந்தத் தாளை நான்தான் எழுதினேன் என்று விசாரணையில் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் குடோன் வாசலில், டிரைவர்கள் தாளுக்காகக் காத்து நிற்கும் சுவரில் ஒட்டப்போகிறேன். முதலாளி கிழித்தால் இன்னொன்று ஒட்டுவேன். உன் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குடோனில் தாள் எழுதும் மேஜையில் நான் உட்கார்ந்தபோது நீ பிறக்கவே இல்லை. பிளஸ் டூவும் டைப்பிங்கும்தான் என் படிப்பு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், அவர்கள் வீட்டிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்த மிதப்பில் முதல் வருடம் ஒரு தப்புச் செய்தேன். ஒரு லோடுக்கு வெறுமனே "ஆசிட்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பாடாலூர் தாண்டி ஹைவேயில் ஒரு கேன் கசிந்து, தீயணைப்பு வண்டி வந்து, அதிலிருந்த பெரியவர் ஆபீசுக்குப் போன் போட்டார். "ஆசிட்னா எந்த ஆசிட்டும்மா? வூட்டுல கறி எடுத்தாந்தேன்னு சொன்னா ஆட்டுக்கறியா கோழிக்கறியான்னு கேக்க மாட்டியா? தண்ணி ஊத்தலாமா கூடாதான்னு நான் யாரப் போயி கேக்குறது?" என்று கத்தினார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, டிரைவரின் செருப்புதான் வெந்துபோனது. ஆனால் அவர் திட்டிய திட்டு எனக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அரைகுறையாக எழுதியதில்லை. ஆசிட் என்றால் எந்த ஆசிட், அதற்கு உலகம் முழுக்க ஒரே எண்ணாக இருக்கும் யூ.என். எண் என்ன, எந்த வகை ஆபத்து, எத்தனை கேன், எவ்வளவு கடுமை. எல்லாம் வரிசை மாறாமல் எழுதுவேன். கூடவே, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் அச்சடித்த அட்டையை டிரைவர் கையில் கொடுத்து, அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன். "ஆசிட் நம்பர் 1789 ஞாபகம் இருக்கு, என் பொறந்த நாள் ஞாபகம் இருக்கா?" என்று நீ கேலி செய்வாய். அந்த எண்ணைத் தப்பாகச் சொன்னால் ஒரு ஆள் சாவான், உன் பிறந்தநாளை மறந்தால் நீ ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அவ்வளவுதான் என்பேன். சிரிப்பாய். நீ அப்போது எதைக் கேட்டுச் சிரித்தாய் என்று இப்போது யோசிக்கிறேன்.

சவரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அப்பா போனபோது நீ ஏழாவது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் "அப்பாவைக் கூட்டி வா" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் வந்து நின்றவன் அவன்தான். கல்லூரியில் உன்னைச் சேர்க்க லாரியிலேயே கூட்டிப்போய், கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் உனக்கு வெட்கமாக இருக்கும் என்று இரண்டு தெரு தள்ளி நிறுத்தியவன். அவனுக்குப் பேருக்குத்தான் படிப்பு. சிமெண்ட் மூட்டை ஏற்றுவான், சுண்ணாம்புக்கல் ஏற்றுவான், எங்கள் குடோன் சரக்கை மட்டும் தொட மாட்டான். அபாயமான சரக்கு ஏற்ற டிரைவருக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், லைசென்சில் அதைப் பதிந்திருக்க வேண்டும், வண்டியில் ஆரஞ்சு போர்டு இருக்க வேண்டும். அதெல்லாம் இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நிற்காதே என்று அவனிடம் சொன்னவள் நான்தான். அக்கா பேச்சைத் தட்டாதவன்.

இனி என் குற்றம். இதை நீ சொல்லி ஊர் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டும். திங்கள் காலை சரக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஞாயிறே லாரி போயாக வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாது. அதனால் சனிக்கிழமை மாலை ஐந்தாறு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டு வருவேன். "இதில் எழுதியிருப்பது முழுமையானது, உண்மையானது" என்று அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே, ஒன்றுமே எழுதாத தாளில், என் கையெழுத்து! வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே முதலாளியிடம் போய்ச் சொல்லியிருப்பேன். நீ வேலைக்குச் சேருவதற்கு முன்னால் ஞாயிறு பூசையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவேன். நீ சேர்ந்த பிறகு, "நான் இருக்கேன்ல, நிம்மதியா பூசை பாரும்மா" என்றாய். அந்த வார்த்தையில் விழுந்தேன். பெற்ற பிள்ளையைவிட நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறான் என்று நினைத்தேன். சாமிக்கு முன்னால் முட்டி போட்டு நிற்க நேரம் வேண்டும் என்று என் பொறுப்பை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அது பக்தி இல்லை, சோம்பேறித்தனம். மகன்மேல் வைத்த பெருமையும் அதில் இருந்தது.

அந்த ஞாயிறு நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். நமக்கு வழக்கமாக வரும் ஆரஞ்சு போர்டு லாரி பட்டறையில் நின்றுவிட்டது. அரியலூரிலிருந்து சரக்குக் கேட்ட காண்ட்ராக்டர் நச்சரித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மேனேஜராகிவிட வேண்டும் என்று உனக்கு ஆசை, "சரக்கு போகாது சார்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆலத்தியூரில் சிமெண்ட் ஏற்ற மாமா காலி லாரியோடு கிளம்புகிறான் என்று தெரிந்து அவனைக் கூப்பிட்டாய். ஆசிட் என்றால் அவன் வர மாட்டான் என்பது உனக்குத் தெரியும். அதனால் கேன்களில் ஒட்டியிருந்த லேபிளை உரித்தாய். ஆசிட் கேனையும் ஹைப்போ கேனையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டாய். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீ கெமிஸ்ட்ரி படித்தவன். சவரி சும்மா ஏற்றவில்லை. "என்ன சரக்கு மாப்ள?" என்று கேட்டிருக்கிறான். நீ தாளைக் காட்டியிருக்கிறாய். அவனுக்குத் தாளில் உள்ளதைப் படிக்க நேரமாகும். அவன் கீழே பார்த்தான். "அக்கா கையெழுத்து இருந்துச்சு, அதுக்கு மேல என்னத்தப் பாக்குறது?" என்று ஆஸ்பத்திரியில் என்னிடமே கேட்டான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

அரியலூர் போகும் வழியில் கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியாகிக் கிடக்கும் ரோட்டில் வண்டி குதித்து, உள்ளே கேன்கள் உடைந்திருக்கின்றன. நெடி வந்ததும் ஓரங்கட்டினான். தாளில் ஆசிட், ஹைப்போ என்று இருந்திருந்தால், கையில் அந்த அட்டை இருந்திருந்தால், வண்டியை விட்டுக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடியிருப்பான். தரை கழுவுகிற திரவம்தானே, அக்கா கம்பெனிச் சரக்கு வீணாகக் கூடாதே என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏறித் தார்ப்பாயைத் தூக்கியிருக்கிறான். அதற்கு முன்னால் எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறான், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க. நான் கோயிலில் இருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன்.

இதுவரை நடந்ததைக்கூட அவசரத்தில் செய்த முட்டாள்தனம் என்று என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பூசை முடிந்து போனைத் திறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பேசினார். "குளோரின் மாதிரி வாடை அடிக்குது. ஆனா பேப்பர்ல தரை கிளீனர்னு இருக்கு. கையெழுத்து உங்களோடதுங்கறாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு உறுதியா சொல்லுங்கம்மா" என்றார். உடனே உனக்குப் போன் செய்தேன். மாமா மூச்சுக்குத் தவிக்கிறான் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். நினைவிருக்கிறதா?

"என்னடா ஏத்துன?"

"பேப்பர்ல என்ன இருக்கோ அதாம்மா. தரை கழுவுற லிக்விட்."

"சத்தியமா?"

"ஆமாம்மா. எங்கிட்டயே சத்தியம் கேக்குறியா?"

நான் நம்பினேன். நம்பி, டாக்டரிடம் திரும்பக் கூப்பிட்டு, தரை கழுவும் திரவம்தான் என்று சொன்னேன். என் வாயால். என் தம்பியின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணிடம் உன் பொய்யை நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகும் மனது கேட்காமல் ஆட்டோ பிடித்துக் குடோனுக்கு ஓடினேன். ஆசிட் அடுக்கில் பாதி காலி. ஹைப்போ அடுக்கிலும் பாதி காலி. குப்பைத்தொட்டியில், கை வெந்து போகிற படம் போட்ட லேபிள்கள் சுருண்டு கிடந்தன. உடனே டாக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நடுவில் போனது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தால் ஏதாவது கெட்டதா என்று பிறகு கேட்டேன். வாடையை வைத்தே சிகிச்சையை ஆரம்பித்துவிட்டோம் என்று டாக்டரம்மா சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் உன்னைப்போல இல்லை, நம்பத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு குடோனுக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி தாளை நீட்டி "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார். "இந்த அம்மாவோடது சார்" என்று என்னைக் காட்டினார் முதலாளி. நீ என் பக்கத்தில் இரண்டடி தள்ளி நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள், எனக்கு உன் ஒருவன் வாய் மட்டும்தான் தெரிந்தது. அது திறக்கவே இல்லை. எனக்குப் படபடப்பாக வருவதைப் பார்த்து, இன்னொரு நாள் வந்து எழுதிக் கொடுங்கள் என்று அவர் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாய்: "நீ ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆகப்போறவ. அவசரத்துல எழுதிட்டேன்னு சொல்லிடும்மா. வயசானவன்னு விட்டுருவாங்க. கோயில்ல எங் கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிச்சாச்சு. பொண்ணு வூட்டுல தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்." நீ ரசம் கேட்டாய். ஊற்றினேன். எதற்காக ஊற்றினேன் என்று என்மேலேயே எனக்குக் கோபம்.

மறுநாள் திருச்சிக்குப் போனால் அங்கே இன்னொன்று காத்திருந்தது. எனக்கு முன்னாலேயே நீ போய் மாமாவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாய். "அக்கா, லேபிள் பாக்காம நானே ஏத்திட்டேன்னு சொல்லிடறேன். பயிற்சி இல்லாத வண்டில ஏத்துனது எந்தப்புதான? நான் இனிமே ஓட்டவா போறேன்? மாப்ள கல்யாணம் நடக்கட்டும்" என்றான் சவரி. ஆக, உனக்கு இரண்டு ஆள் தயாராக இருக்க வேண்டும். நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறவனிடம், கட்டிலிலிருந்து கழிவறை வரை நடக்க முடியாதவனிடம் போய், உன் தப்பை ஏற்றுக்கொள் என்று கேட்க உனக்கு எப்படியடா வாய் வந்தது? கல்யாணத்தில் தாய்மாமனாக அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்றாவது யோசித்தாயா?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். தாளில் எழுதுவது முதலாளிக்காக இல்லை, செக்போஸ்ட்டுக்காகவும் இல்லை. கேன் உடைந்த பிறகு அந்த இடத்துக்கு முதலில் ஓடி வருகிற ஆளுக்காக எழுதுகிறோம். அவன் யார் என்று நமக்குத் தெரியாது. அவனுக்கும் நம்மைத் தெரியாது. நாம் எழுதிய ஒரு வரியை நம்பி அவன் கையை நீட்டுவான் அல்லது பின்வாங்குவான். இந்த முறை ஓடி வந்தவன் உன் மாமாவாகவே இருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். வேறு டிரைவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொதித்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுவரில் நின்று படிக்கிற டிரைவர் தம்பிமார்களே, கையெழுத்தைப் பார்த்து ஏற்றாதீர்கள். என் கையெழுத்தாக இருந்தாலும் ஏற்றாதீர்கள். லேபிள் உரித்த தழும்பு கேனில் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் கேளுங்கள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நேற்று, திங்கட்கிழமை, அதிகாரியின் ஆபீசுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். கையெழுத்து என்னுடையது, வெற்றுத்தாளில் போட்டது, அது என் குற்றம், அதற்கு என்ன தண்டனையோ ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். மேலே உள்ள எழுத்து யாருடையது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு, "உங்க பையன் பேர எழுதவாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. வேணும்னா நாளைக்கு வாங்க" என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்போல. "எழுதுங்க சார்" என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். பூக்காரம்மா ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். சாயங்காலம் சவரியிடம் போய்ச் சொன்னேன். "அவன் உம் புள்ளக்கா" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ மட்டும் யாருடா?" என்றேன். அவன் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான், பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு நிச்சயித்திருக்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. வரதராஜன்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண், உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நானும் பார்த்தேன். அடுத்த ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீயே போய் அவளிடம் சொல். நீ சொன்னால் அவள் ஒருவேளை உன்னை ஏற்றுக்கொள்வாள், ஒருவேளை மாட்டாள். அது அவள் முடிவு. நீ போகாவிட்டால் நான் போவேன்.

நாளை புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரியின் ஆபீசுக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதரைக்கே நான் அங்கே வந்துவிடுவேன். சாப்பிடாமல் வருவாய் என்று தெரியும், இட்லி கொண்டு வருகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வதாக இருந்தால் உன்னோடு உள்ளே வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறேன். ஜெயிலே ஆனாலும் வாரா வாரம் வந்து பார்ப்பேன். பொய் சொல்வதாக இருந்தாலும் உள்ளே வருவேன். அப்போது உனக்கு எதிரே உட்கார்ந்து, "இவன் சொல்வது பொய்" என்று உன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். பெற்றவளால் அது முடியாது என்று நினைத்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதே.

அம்மா